லேப்டாப்பில் குடியிருந்த ஃபோர்மேன்

நிலவன் சங்கரலிங்கத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். 2014ஆம் வருஷத்து ஆயுத பூஜை. அன்றைக்கு நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் ஸ்கூட்டர், கார், சைக்கிள் எல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலில் வாழைக்கன்று கட்டி நிற்கும். மைன்ஸ் பக்கம் போனால் ராட்சச மெஷின்களின் கழுத்திலேயே மாலை கிடக்கும். ஆகவே லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தது அதிசயமில்லை. பொட்டு லேப்டாப்பின் மேல் படவில்லை, அதுதான் அதிசயம். கடையிலிருந்து வரும்போது மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் உரிக்கவே இல்லை. சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ எல்லாம் அந்தத் தாளுக்குத்தான்.

"கடையில இருந்து அனுப்புன ஆளா? செருப்ப வெளிய விட்டுட்டு வா."

மெயின் பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நிலவன் அப்போது வேலை பார்த்தான். 'ஃபோர்மேன் சார் மெஷின் ஸ்லோவா இருக்காம், போய்ப் பாரு' என்று முதலாளி அனுப்பியிருந்தார்.

"எந்த ஊரு?"

"வடக்குத்து சார்."

"வடக்குத்துல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியை டவுன்ஷிப்பில் நிலவன் பல ஜில்லாப் பேச்சிலும் கேட்டிருக்கிறான். பக்கம் கேட்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரப்போவதில்லை.

"கிழக்குப் பக்கம் சார்."

"அப்பா?"

"மைன்ஸ்ல. கான்ட்ராக்ட் சார்."

"ஓ."

பெர்மனென்ட் ஆட்களால் மட்டுமே சொல்ல முடிகிற 'ஓ' அது. வாய் திறக்கும், பார்வை வேறெங்கோ போகும்.

"நீ என்ன, ஐ.டி.ஐ.யா?"

"எம்.சி.ஏ."

"கரஸ்ல பண்ணியிருப்ப."

"ரெகுலர் சார். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

அதற்கு 'ஓ' வரவில்லை.

அந்த ஹாலில் உட்கார்ந்து லேப்டாப் தன்னைத்தானே திறந்து முடிக்கக் காத்திருந்தபோது நிலவன் சுவரைப் பார்த்தான். ஒரே ஆணியில் நான்கு சாமி படம், ஒரு கடிகாரம், ஒரு தினசரிக் காலண்டர். பிள்ளையாரைக் கும்பிட வேண்டுமென்றால் முருகனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பின்னாளில் இதற்கான விளக்கத்தை அவர் மனைவி பொன்னம்மாளே சொன்னாள். "கம்பெனி அடிச்ச ஆணி அது ஒண்ணுதான் தம்பி. இன்னொண்ணு அடிச்சா செவரு சேதம்னு, காலி பண்ணும்போது பிடிச்சிருவாங்களாம்."

டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் இந்த விதி தெரியும். குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது, குடிவந்தவன் இருந்ததை இருந்தபடி திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததால் எல்லோரும் மீறினார்கள். பின்பக்கம் ஷெட் போட்டார்கள், மாடு கட்டினார்கள், சுவரை இடித்து சாமி அறை வைத்தார்கள். விதியை நம்பிய ஒரே மனிதர் சங்கரலிங்கம். கம்பெனி மாட்டிய ஃபேன் கடகடவென்று கத்தியபோது அவர் சொந்த ஃபேன் வாங்கி மாட்டினார். பழையதை எறிந்தாரா? சாக்கில் கட்டி பரணில் ஏற்றினார். வருஷத்துக்கு ஒரு முறை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடி ஏற்றுவார். திருப்பிக் கொடுக்க வேண்டுமே!

கோவில்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அம்மாவுக்குப் பிறந்து, ஃபிட்டர் படித்து, அப்ரன்டிஸாக வந்து, பெர்மனென்ட் ஆகி, கன்வேயர் பகுதியில் ஃபோர்மேன் வரைக்கும் ஏறியவர். பெருமைப்பட இது போதும். அவரே அதைச் சொல்லியிருந்தால் நிலவன் மனதுக்குள் எழுந்து நின்றிருப்பான். அவர் சொல்ல மாட்டார். அதுவும் பொன்னம்மாள் சொல்லித் தெரிந்ததுதான். சங்கரலிங்கத்தின் கணக்கில் அவர் பிறந்ததே குவார்ட்டர்ஸில். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை வாரிப் போடும் கான்ட்ராக்ட் ஆட்களை அவர் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் கான்ட்ராக்ட்டு!" என்பார். ஒரு கூட்டமே திரும்பிப் பார்க்கும். யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவருக்கு வேலை. அந்தக் கூட்டத்தில் நிலவனின் அப்பா தனகோட்டியும் ஒருவர்.

லேப்டாப் ஒரு வழியாகத் திறந்தது. நிலவன் ஒரு கோயில் பேரை அடித்துத் தேடினான். பக்கத்தின் பாதியில் கோயில், மீதிப் பாதியில் பட்டுப்புடவை, மிக்ஸி, ஆண்கள் உள்ளாடை.

"எப்பவும் இப்படித்தான் வருதா சார்?"

"அதுதான் இதுல விசேஷம்," என்றார் சங்கரலிங்கம். "ஈஸிமேட்னு ஒண்ணு உள்ளயே வச்சுக் குடுத்திருக்கான். நமக்கு என்ன தேவையோ அதுவே பாத்து எடுத்துக் குடுக்கும். வேற மாடல்ல கிடையாது. நான் சொல்லித்தான் இந்த பிளாக்ல பாதிப் பேரு இதையே வாங்குனான்."

"சாமி படம் பாக்க ஒக்காந்தா ஜட்டி வருது," என்றாள் பொன்னம்மாள் அடுப்படியிலிருந்து. "இது ஒரு தேவையா?"

"ஒனக்கு என்ன தெரியும்? பொரி கல."

நிலவன் பேங்க் பக்கத்தைத் திறந்தான். அங்கேயும் ஒரு மிக்ஸி நின்றது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பேங்க் பக்கத்தில் வெளியாள் விளம்பரம் ஒட்ட முடியாது. முடிந்தால் அது பேங்க் பக்கம் இல்லை. மேலே இருந்த பூட்டுப் படத்தை அழுத்தி, இந்தப் பூட்டுக்கு முத்திரை போட்டது யார் என்று பார்த்தான். நியாயமாக அங்கே உலகம் ஒப்புக்கொண்ட ஒரு முத்திரை நிறுவனத்தின் பேர் இருக்க வேண்டும். இருந்தது ஈஸிமேட்டின் பேர்.

படித்த படிப்புக்கு அன்றைக்கு ஒரு அர்த்தம் வந்தது போல இருந்தது அவனுக்கு. விஷயம் இதுதான். பேங்குக்கும் உங்களுக்கும் நடுவே போகிற கடிதம் ஒட்டி முத்திரையிட்ட உறையில் போகிறது. ஈஸிமேட் நடுவழியில் அந்த உறையைப் பிரிக்கிறது, உள்ளே ஒரு மிக்ஸி நோட்டீஸைச் சொருகுகிறது, தன் சொந்த முத்திரையைக் குத்தி மறுபடி ஒட்டுகிறது. 'என் முத்திரை இருந்தால் கேள்வி கேட்காதே' என்று லேப்டாப்புக்கு அது தொழிற்சாலையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது. ஆகவே பூட்டு ஒழுங்காகத் தெரியும். நோட்டீஸ் சொருகுகிறவனுக்காகத் திறந்த கதவில் திருடனும் நுழையலாம்.

சங்கரலிங்கம் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்க வெளியே போயிருந்தார். நிலவன் ஈஸிமேட்டை நீக்கினான். அதை மட்டும் நீக்கினால் போதாது, முத்திரை தனியாக உள்ளே தங்கிவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதையும் தேடிப் பிடித்து எடுத்தான். மெஷின் பறந்தது. திரும்பி வந்தவரிடம், "வேண்டாதது ஒண்ணு இருந்துச்சு சார், எடுத்துட்டேன்," என்றான். அவர் கவனிக்கவில்லை. பொரியும் சுண்டலும் மற்றவர்களுக்கு எவர்சில்வர் தட்டிலும் அவனுக்குப் பேப்பர் கப்பிலும் வந்தன. பேப்பர் கப் எதற்காக அந்த வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது என்று அவன் கேட்கவில்லை. சுண்டல் நன்றாக இருந்தது.

மறுநாள் போன் வந்தது. டவுன்ஷிப்பில் வருஷக்கணக்காக இஸ்திரி போட்டு வைத்திருந்த பேச்சு சங்கரலிங்கத்துக்குக் கோபம் வந்தால் கசங்கிவிடும். கோவில்பட்டி வெளியே வரும்.

"எலேய், ஈஸிமேட்ட எவன்டே எடுத்தது?"

"நான்தான் சார். சொல்லிட்டுத்தான்…"

"யாரக் கேட்டு எடுத்த? ஒடனே வா!"

நிலவன் போனான். கடிதம், உறை, முத்திரை எல்லாம் பொறுமையாகச் சொன்னான். வகுப்பெடுப்பது போலச் சொன்னான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

"நீ பெரிய கம்பெனியவிட அறிவாளியா?" என்றார் சங்கரலிங்கம். "அவன் எஞ்சினீயர் வச்சு செஞ்சு குடுத்திருக்கான். வேண்டாம்னா அவனே வச்சிருக்க மாட்டானே. நாளைக்கு வாரண்டிக்குக் குடுக்கப் போனா, உள்ள இருந்தது எங்கய்யானு கேப்பான். பிடிச்சுக்குவான்."

"பிடிக்க மாட்டான் சார். லேப்டாப் உங்களுது. நீங்க காசு குடுத்து வாங்கினது."

"அதெல்லாம் பேச்சு. வந்தது வந்தபடி இருக்கணும். திரும்ப வை."

"வைக்க மாட்டேன் சார்."

கான்ட்ராக்ட் ஆளின் மகன் மாட்டேன் என்று சொல்லி ஃபோர்மேன் கேட்டதில்லை. பிறகு லேப்டாப்போடு வந்த சிறு புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, அதில் போட்டிருந்தபடி ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தார். தொழிற்சாலையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும் பட்டன் அது. ஒரு மணி நேரம் கழித்து ஈஸிமேட் சிரித்துக்கொண்டு வந்து நின்றது, முத்திரையோடு. கூடவே அபி காலேஜில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அபி அவர்களின் ஒரே மகள். "அப்பா, என் போட்டோ!" என்று அவள் அலறியதை, "கம்பெனி குடுத்தப்ப உன் போட்டோ இருந்துச்சா?" என்று கேட்டு அடக்கினார்.

காசு கொடுத்து வாங்கியவன்தான் சொந்தக்காரன் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ஒரு ஆயுள் முழுக்கக் குவார்ட்டர்ஸில் இருந்த மனிதர், லேப்டாப்பிலும் குடித்தனம்தான் இருந்தார்.

அந்தத் தையில் நிலவனுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நெட்வொர்க் பாதுகாப்புப் பிரிவு. ஆர்டர் வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு: போலீஸ் விசாரணையில் பேர் சுத்தமாக இருக்க வேண்டும். அவனுடைய அம்மா செவ்வந்தி முந்திரிக்கொட்டை உடைத்துக் கறை ஏறிய கையால் அந்தத் தாளைத் தொடாமல் தூரத்திலிருந்து பார்த்தாள்.

"போலீஸ் எதுக்குடா வருது? நீ இன்னா தப்பு பண்ண?"

"தப்பு பண்ணலன்னு எழுதிக் குடுக்கத்தான் வருவாங்கம்மா."

"தப்பு பண்ணலன்னு எழுதிக் குடுக்க ஒரு போலீஸா? நல்லா இருக்குது போ. அவங்க வர வரைக்கும் வாயத் தொறக்காம இருந்துக்கினு இரு. டவுன்சிப்புல யாருகிட்டயும் வம்பு வெச்சிக்காத."

அவன் வம்பு வைக்கவில்லை. வம்பு மாசி மாதம் எழும்பூர் போய்த் தங்கிவிட்டுத் திரும்பியது.

அபிக்கு ஒரு வரன் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க சங்கரலிங்கம் சென்னைக்குப் போனார். எழும்பூரில் லாட்ஜ். லாட்ஜில் வைஃபை இலவசம். இலவசம் என்றதும் லேப்டாப்பைத் திறந்து, மெயிலுக்குள் போனார். போகிற வழியில், அதே வைஃபைக்குள், எவனோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஈஸிமேட்டின் முத்திரை விற்ற லேப்டாப் அத்தனைக்கும் ஒன்றேதான். டவுன்ஷிப்பில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி போட்டு, அந்தச் சாவியின் அச்சை ஒவ்வொரு வாசலிலும் தொங்கவிட்டது மாதிரி. எவரோ அதை உருவி ஊருக்கே கொடுத்துவிட்டிருந்தார்கள். வழியில் உட்கார்ந்திருந்தவன் மெயில் பக்கத்தைப் போலவே ஒன்றைச் செய்து, அந்த முத்திரையைக் குத்தி நீட்டினான். வேறு லேப்டாப் என்றால் கூச்சல் போட்டிருக்கும். இது சலாம் போட்டது. சங்கரலிங்கம் பூட்டுப் படத்தைப் பார்த்தார், திருப்திப்பட்டார், பாஸ்வேர்டை அடித்தார்.

அடுத்த வாரம் அவருக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவர் பேரில் ஒரு இங்கிலீஷ் மெயில் போனது. 'நான் மணிலாவில் மாட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட்டும் பர்ஸும் திருடு போய்விட்டன. உடனே பணம் அனுப்பி உதவவும். அன்புடன் சங்கரலிங்கம்.' பிளாக்காரர்களுக்குப் போனது, ஜெனரல் ஷிஃப்ட் மேனேஜருக்குப் போனது, மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் போனது. கன்வேயர் பக்கம் பெர்மனென்ட், கான்ட்ராக்ட் பேதமில்லாமல் எல்லோரும் சிரித்தார்கள். "ஃபோர்மேன் மணிலாவுக்கு எந்த பஸ்ஸுல போனாராம்? பண்ருட்டி மாறிப் போவணுமா?"

மாப்பிள்ளை வீடு அந்த மெயிலைப் பெரிதாக எடுக்கவில்லை. இதெல்லாம் நடக்கிறதுதான் என்று விட்டார்கள். அதற்கு விளக்கம் சொல்லி சங்கரலிங்கம் எழுதிய பதிலைப் பார்த்துத்தான் பயந்தார்கள். தன் முப்பது வருஷ நேர்மை, தனக்குக் கிடைத்த பாதுகாப்பு வார விருது, தன்மேல் பொறாமை கொண்டவர்களின் பேர்கள், எல்லாவற்றையும் எழுதி மேனேஜருக்கும் நகல் போட்டிருந்தார். வரன் நின்றது. அபி அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள் என்று பொன்னம்மாள் பிறகு சொன்னாள்.

இப்போது ஒரு ஆள் வேண்டும். கம்பெனி தப்பு செய்யாது. சங்கரலிங்கம் தப்பு செய்ய மாட்டார். மீதி இருப்பவன், லேப்டாப்பைத் தொட்ட ஒரே வெளியாள், வடக்குத்துப் பையன். 'கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்து பாஸ்வேர்டைத் திருடிவிட்டான்' என்று ஸ்டேஷனில் மனு கொடுத்தார். கேஸ் பதிவாகவில்லை, ரசீது மட்டும் போட்டிருந்தார்கள். அதே ஸ்டேஷனுக்குத்தான் சென்னையிலிருந்து நிலவனைப் பற்றிய விசாரணைத் தாளும் வரவேண்டும்.

தனகோட்டி ஷிஃப்ட் முடிந்து கரித்தூளோடு வந்து நின்றார். "அவுரு கால்ல வுழுந்துடலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"தெரியல. வுழுந்தா வுட்டுடுவாரு இல்ல?"

"நான் எம்.சி.ஏ. படிச்சது யார் கால்லயும் விழுறதுக்கு இல்லப்பா. நீங்களும் விழக்கூடாது."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். "தம்பி, இது எனக்குப் புரியாத சமாச்சாரம். பெரியவர்கிட்டப் பேசி சமரசம்னு எழுதிக் குடுத்துட்டா முடிச்சுடலாம்," என்றார்.

"சமரசம்னா நான் பண்ணேன், அவர் மன்னிச்சார்னு ஆகுமே சார்."

"அப்ப என்ன பண்ணலாங்கற?"

"எல்லார் முன்னாடியும் காட்டுறேன். உங்க ஆளு ஒருத்தர வச்சுக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாக் நலச்சங்க அறை. செயலாளர் கிறிஸ்துதாஸ் சங்கரலிங்கத்துக்கு எதிர் குவார்ட்டர்ஸ். சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு நடுவில் உட்கார்ந்தார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு மூலையில். பிளாக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இவர்களில் பாதிப் பேரின் பழைய மெஷினைச் சரி பண்ணிக் கொடுத்தவன் நிலவன்தான். ஒருவரும், 'இவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும், "உக்காருப்பா," என்றார். நாற்காலி காட்டவில்லை.

"இவன் ஒருத்தன்தான் தொட்டான்," என்று ஆரம்பித்தார் சங்கரலிங்கம். "எதையோ உள்ள வச்சிட்டுப் போயிருக்கான். கான்ட்ராக்ட் ஆளுங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? இரும்பத் தூக்கிட்டுப் போறவன் பாஸ்வேர்டத் தூக்க மாட்டானா?"

நிலவன் கிறிஸ்துதாஸைப் பார்த்தான். "சார், இதே மாடல் உங்க வீட்டுலயும் ஒண்ணு வாங்கியிருக்கறதா அக்கா சொன்னாங்க."

கிறிஸ்துதாஸின் மனைவி லூசியம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். "ஆமா. எங்க ஷைனிக்கு. நர்சிங் படிக்குதுல்ல. ஈஸ்டருக்கு வரும்போது குடுக்கலாம்னு பீரோவுல வச்சிருக்கேன். அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கலையே."

"நான் அதத் தொட்டிருக்கேனாக்கா?"

"நீ பாத்ததே இல்லையே சாமி."

"கொண்டுவாங்க. நான் தொட மாட்டேன். அபி பிரிக்கட்டும்."

நிலவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அபி கடை டேப்பைக் கிழித்தாள். தெர்மோகோல், பாலித்தீன் உறை, கடைசியில் லேப்டாப். செல்போனிலிருந்து நெட் கொடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல, பேங்க் பக்கத்தைத் திறந்தாள். ஒரு மிக்ஸி வந்து நின்றது.

"ஐய, அதே மிக்ஸி!" என்றாள் பொன்னம்மாள்.

"அந்தப் பூட்டை அழுத்துங்க. யார் முத்திரை போட்டிருக்காங்கன்னு சத்தமாப் படிங்க."

அபி குனிந்து பார்த்தாள். "ஈஸிமேட்."

"இப்ப சங்கத்து பழைய கம்ப்யூட்டர்ல அதே பேங்க்."

அங்கே வேறு பேர் இருந்தது. மிக்ஸி இல்லை.

நிலவன் இரண்டு வாக்கியத்தில் உறையையும் முத்திரையையும் சொன்னான். நெட்டில் அந்த முத்திரைச் சாவி பகிரங்கமாகக் கிடந்த பக்கத்தை அபியையே தேடித் திறக்கச் சொன்னான். ஏட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப இது இருக்கற மெஷின் எல்லாத்துலயும் யாரு வேணா பூரலாமா?"

"லாட்ஜு, ரயில்வே ஸ்டேஷன், எங்க வேணாலும் சார்."

"கடையில வாங்குறப்பவே உள்ள இருக்குதா?"

"செஞ்ச எடத்துலயே. ஆயுத பூஜை அன்னிக்கு நான் எடுத்தேன். இவர் திரும்ப வச்சுக்கிட்டார்."

எல்லோரும் சங்கரலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"அது… வந்தது வந்தபடி இருக்கணும்னு…" என்றார் சங்கரலிங்கம். பிறகு குரலை ஏற்றினார். "இவ்வளவு ஆபத்துன்னா இவன் எனக்கு எழுத்துல குடுத்திருக்கணும்! வாயால சொன்னா யாருக்குத் தெரியும்?"

"வாயால சொன்னாரா இல்லையா?" என்று கேட்டாள் அபி.

"நீ சும்மா இரு."

"சொன்னாரு. நான் கேட்டேன். என் போட்டோவும் போச்சு."

கிறிஸ்துதாஸ் தொண்டையைச் செருமினார். டவுன்ஷிப் சங்கங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் தப்பு என்று தெரிந்த நொடியில், யாரும் தப்பில்லை என்று தீர்மானம் போட்டுவிடுவார்கள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. சங்கரலிங்கம் சார் பெரிய மனசு பண்ணி சமரசம்னு எழுதிடுவார். தம்பியும் மனசுல வச்சுக்க வேண்டாம். எல்லாரும் டீ சாப்பிடலாம்."

"தவறான புகார்னு எழுதணும் சார்," என்றான் நிலவன்.

"அது எதுக்குப்பா, பெரியவர் கௌரவம்…"

"எனக்கும் ஒண்ணு இருக்கு சார்."

"முடியாது," என்றார் சங்கரலிங்கம். "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் தவறுன்னு எழுதுனதே கிடையாது."

அப்போதுதான் ஒரு விஷயம் அந்த அறைக்குள் மெதுவாகப் பரவியது. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "தம்பி, எங்க வீட்டுலயும் இதே மாடல்தான். சார் சொல்லித்தான் வாங்கினேன். அதுலயும் அது இருக்குமா?"

"இருக்கும்."

"நான் போன மாசம் அதுலதான் பேங்க்…" என்று இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வியர்க்க ஆரம்பித்தது.

"இத எடுக்கத் தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"ஈஸிமேட்ட எடுக்கறது எல்லாருக்கும் தெரியும். முத்திரையும் சேர்த்து எடுக்கணும். இன்னிக்கே எடுத்துத் தரேன், எல்லார் வீட்டுலயும்," என்றான் நிலவன். "ஆனா என் பேர்ல போலீஸ்ல மனு இருக்குது சார். பாஸ்வேர்டு திருடன்னு. அது இருக்கற வரைக்கும் நான் யார் மெஷினையும் தொடறது முறையில்ல."

இது வரைக்கும் சங்கரலிங்கத்தின் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பிளாக், அதை நடு அறையில் போட்டுவிட்டு ஓடியது.

"சார், எழுதிக் குடுத்திடுங்க."

"என்ன சார் நீங்க, ஒரு வரிதானே?"

"உங்க பேச்சக் கேட்டுத்தான சார் இந்தக் கருமாந்திரத்த வாங்கினோம்!"

"மணிலாவுல இருந்து மெயில் வந்தப்பவே நெனச்சேன்…"

சங்கரலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு சுவிட்சைத் தட்டினால் கன்வேயர் பெல்ட் கடைசி வரைக்கும் ஓடுவது போல இந்த பிளாக் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறது. இப்போது ஒருவரும் கேட்கவில்லை. பொன்னம்மாள் ஒரு பேனாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

'நிலவன், த/பெ தனகோட்டி என்பவர் மீது நான் கொடுத்த புகார் தவறானது. திரும்பப் பெறுகிறேன்.' எழுதினார். தனகோட்டி என்ற பேரை அவர் கை முதன்முதலாக எழுதியது. எழுதும்போது ஏட்டிடம், "தனக்கோடியா, தனகோட்டியா?" என்று கேட்டார். அவருக்குக் கீழே வருஷக்கணக்காகக் கரி வாரிய மனிதரின் பேர்.

"தனகோட்டி," என்றான் நிலவன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபோர்மேன் எழுந்தார். மன்னிப்பு, வருத்தம் எதுவும் இல்லை. வாசலில் நின்று, "எல்லார்துலயும் எடுக்கச் சொல்லுங்க. என்னதுல எடுக்க வேண்டாம். நான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுட்டு முடிவு பண்ணுறேன்," என்றார். அறையே சிரித்தது. அவர் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமலே போனார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் நிலவன் வீடு வீடாகப் போய் ஈஸிமேட்டைப் பிடுங்கினான். எல்லா வீட்டிலும் டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. பயம் வந்தால் டவுன்ஷிப்புக்கு மரியாதையும் வந்துவிடுகிறது. அவன் குடித்தான், நன்றி சொல்லவில்லை. சங்கரலிங்கத்தின் லேப்டாப்பை மட்டும், அவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது, அபி தானே சுத்தம் செய்தாள். நிலவன் செல்போனில் ஒவ்வொரு படியாகச் சொன்னான். ஈஸிமேட்டின் படத்தை மட்டும் திரையில் விட்டுவைத்தார்கள். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அவர் அதை அழுத்திப் பார்த்ததே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

விசாரணைத் தாள் வைகாசியில் வந்தது. சுத்தமாகத் திரும்பிப் போனது.

சங்கரலிங்கம் 2017இல் ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, இப்போது கோவில்பட்டியில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறார். அபி பெங்களூரில் வேலை பார்க்கிறாள், தானே பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். நிலவன் சென்னையில், அதே வேலையில் இருக்கிறான்.